சித்தேரி மலையின் மரபும் கிராமசபையின் உரிமையும்

தருமபுரி மாவட்டத்தின் தொல்மரபு என்றதும் ஆய்வாளர் நினைவுக்கு முதலில் வருபவை நடுகற்கள். தொறு (கால்நடைக் கூட்டம்) மீட்கும் பூசலில் மாண்டவனுக்குக் கல் நட்டு, மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் பொறித்துவைத்த இவ்வூர்களால்தான் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் காலத்து எல்லைப்புற வாழ்வு நமக்குத் தெரிகிறது. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இக்கற்களைத் தேடிப் படியெடுத்தது பெரும்பணி. ஆனால் எழுத்துள்ள கல்லே மரபுக்குச் சான்று என்ற அளவுகோலும் அதனோடு வேரூன்றிவிட்டது. அரூருக்கு அருகேயுள்ள சித்தேரி மலை அந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனப் பிரிந்து குடியேறினர் என்ற கதை இம்மலைத் தொடர்கள் பலவற்றில் வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டனும் 1909இல் வெளிவந்த தம் தொகுப்பில் அதைப் பதிவு செய்தார். காஞ்சிப் பயணம் நடந்ததா என்று தேடுவதைவிட, எந்த மலையோடு எந்த மலைக்கு உறவு என்பதை இக்கதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

கல்லில் எழுதப்படாத மரபுக்கு எடுத்துக்காட்டாகச் சாமையை எடுத்துக்கொள்வோம். சரிவு நிலத்தில் மானாவாரியாக விளையும் இத்தானியத்தின் உமி எளிதில் பிரியாது. வெயிலில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். எந்தப் பதத்தில் காய்ந்தால் அரிசி நொறுங்காது, விதைக்கு எந்தக் கதிரை ஒதுக்குவது என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையறிவு. ரேஷன் அரிசி வந்த பிறகு குத்தும் வேலை குறைந்தது. அது நல்லதே, அந்த உழைப்பைப் போற்றிப் பாடும் உரிமை வெளியாருக்கு இல்லை. ஆனால் விதைத் தேர்வு மறைந்தால் திரும்பக் கிடைக்காது.

மரபு எதனால் அழிகிறது என்பதற்கு மலையடிவார வாச்சாத்தியே சான்று. சந்தனக்கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20இல் அவ்வூருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினர், வீடுகளை இடித்தனர், தானியத்தைப் பாழாக்கினர், கிணற்றுநீரைக் கெடுத்தனர். குற்றம்சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011இல் தீர்ப்பாயிற்று. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு அவர்களுக்கு நீதி தந்தது. வீட்டோடும் தானியத்தோடும் போன விதையை அது தரவில்லை. காடு யார் கையில் என்பதும் மரபு யார் கையில் என்பதும் வேறுவேறு கேள்விகள் அல்ல.

மலையூர் சிறியது, தன் மரபைத் தானே காக்க முடியாது என்பார்கள். அது சரியல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவிட்சர்லாந்தில், இத்தாலி மொழி பேசும் திச்சீனோ மாநிலத்தில், ஜெர்மன் பேசும் ஒரே மலை ஊராட்சி போஸ்கோ குரின். 13ஆம் நூற்றாண்டில் வால்சர் குடியேறிகள் அமைத்த ஊர்; இன்று நூறு பேர்கூட இல்லை. ஆயினும் 1938 முதல் ஒரு பழைய வீட்டையே அருங்காட்சியகமாக வைத்துக் காத்துவருகிறது. அவர்களுக்கு இருந்த செல்வமும் அரசு ஆதரவும் சித்தேரிக்கு இல்லை என்பது மெய். ஆனால் சட்டம் இருக்கிறது. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 5, பண்பாட்டு, இயற்கை மரபைச் சிதைக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கே தருகிறது. உயிரியல் பன்மைச் சட்டம் 2002, பிரிவு 41, உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து உள்ளூர் அறிவை ஆவணப்படுத்தச் சொல்கிறது.

எனவே இந்த உள்ளூர் அறிவின் பதிவேட்டை மாவட்டத் தலைநகரில் எழுதி மலைக்கு அனுப்பக் கூடாது. ஊர்க்கவுண்டரும் விதை வைத்திருக்கும் பெண்களும் சொல்ல, மலைப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எழுத, மூலப்படி ஊராட்சியிலேயே இருக்க வேண்டும். எதை வெளியில் சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்ற முடிவும் அவர்களுடையதே. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இதற்கான தீர்மானத்தைச் சித்தேரி நிறைவேற்றட்டும். பல்கலைக்கழகத்தாரும் தொல்லியல் துறையினரும் அழைத்தால் உதவச் செல்லட்டும்.