சிறப்புச் சூழல் கோரிக்கைகளும் மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையும்: வாணியம்பாடியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பள்ளியில் உள்ள இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது, பொதுவிதியின்படி இடம் பெறாத மாணவர் ஒருவர், நோய், பெற்றோரின் மரணம், குடும்பத்தின் தொழிலிழப்பு போன்ற காரணங்களைக் காட்டித் தம்மைத் தனியாகக் கருதுமாறு கேட்பதையே இக்கட்டுரை ‘சிறப்புச் சூழல் கோரிக்கை’ என்று குறிக்கிறது. நுழைவுத் தேர்வின் வழி மாணவரைத் தெரிந்தெடுக்கும் கிராமர் பள்ளிகள் நிலவும் இங்கிலாந்தில் இக்கோரிக்கைக்கு விதிமுறையும் மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குப் படிவம்கூடக் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் தலைமையாசிரியர் அறை வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். முறையான வழி இல்லாததால் அது சிபாரிசாக உருமாறுகிறது என்பதும், சிபாரிசு செய்ய ஆள் இல்லாத குடும்பமே இதில் தோற்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவின் வழி, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடுக்கிறது. 12(1)(இ) பிரிவின்படி சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோருக்கு அளிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடைபெறும். எனினும் ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்கு உள்ளானோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை தரப்படுகிறது. சூழலைக் கருதும் மனம் அரசுக்கு இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அது பட்டியலில் ஏறிய சூழலை மட்டுமே காண்கிறது. மேலும், இச்சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலும், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு பாடப்பிரிவு ஒதுக்கப்படும் பதினோராம் வகுப்பிலும், அதாவது தெரிவு உண்மையாகவே கடுமையாகும் கட்டத்தில், மாணவருக்கு அந்தத் துணை இல்லை.

வாணியம்பாடியில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. 1919இல் நிறுவப்பட்ட இஸ்லாமியா கல்லூரி உணர்த்துவது போல, இவ்வூரின் கல்வி வளர்ச்சியில் முஸ்லிம் கல்வி அமைப்புகளின் பங்கு பெரிது. 2014ஆம் ஆண்டின் பிரமதி வழக்கில், கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை எழுப்பி, 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அதைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியுள்ளது. மற்றொரு பக்கம், மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2020இல் வழங்கப்பட்டபோது, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரே தெருவில், ஒரே டேனரியில் வேலை செய்யும் இருவரின் பிள்ளைகளுள், அரசுப் பள்ளியில் பயின்றவர் சலுகைக்கு உரியவராகிறார். உதவி பெறும் பள்ளியில் பயின்றவர் ஆவதில்லை. விதி பள்ளியின் வகையைப் பார்க்கிறதே ஒழிய, வீட்டின் நிலையைப் பார்ப்பதில்லை.

வீட்டு நிலையை மெய்ப்பிப்பதும் தோல் தொழில் நடக்கும் இவ்வட்டாரத்தில் எளிதன்று. ஷூ கம்பெனிகளுக்காக ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுப்புறங்களில் பெண்கள் பலர் காலணியின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி பெறுகின்றனர். இடைத்தரகர் கொண்டுவந்து தரும் வேலைக்குச் சம்பளச் சீட்டு ஏது? இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றில் ஆண்டுத் தொகை ஒன்று இருக்கும். ஏற்றுமதி ஆர்டர் குறைந்த மாதங்களில் அடுப்பு எரிந்த விதம் அதில் இருக்காது. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தாய் படுக்கையில் விழுந்ததால், தையல் வேலையை மகளே செய்து முடித்தாள் என்பதற்கும் அந்தச் சான்றில் இடமில்லை.

இத்தகைய கோரிக்கைகளை ஆராயும்போது இரண்டைப் பிரித்தறிவது இன்றியமையாதது. ஒன்று, சூழல் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது என்னும் கோரிக்கை. மற்றொன்று, சூழலின் காரணமாக இந்தப் பள்ளியைத் தவிர வேறு பள்ளி ஏலாது என்னும் கோரிக்கை. முன்னதற்கு வேண்டிய சான்று, மாணவரின் முந்தைய ஆண்டு மதிப்பெண்களும் ஆசிரியரின் மதிப்பீடும். பின்னதற்கு வேண்டியது மருத்துவக் குறிப்போ பயணத் தொலைவோ ஆகும். இரண்டையும் கலந்து ‘பாவம், கஷ்டப்பட்ட பிள்ளை’ என்று பேசும்போது, உருக்கமாகப் பேசத் தெரிந்தவரே வெல்கிறார். 2021இல் பெருந்தொற்றால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வே நடத்தப்படாமல் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். மாநிலம் முழுவதற்கும் சூழல் மாறியபோது விதி வளைந்தது; ஒரு குடும்பத்துக்கு மட்டும் மாறும்போது அது வளைவதில்லை.

விதியை வளைக்க இடமளித்தால் செல்வாக்கு புகுந்துவிடும் என்ற மறுப்பு வலுவானது. கேந்திரிய வித்யாலயாக்களில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 பேரைப் பரிந்துரைக்கும் முறை 2022இல் கைவிடப்பட்டதை இதற்கு எடுத்துக்காட்டலாம். ஆனால் அம்முறையில், பரிந்துரைத்தவர் காரணம் எழுத வேண்டியதில்லை, மறுக்கப்பட்டவர் முறையிடவும் வழியில்லை. குறை அங்கேதான் இருந்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டுக் குழு சேர்க்கையை மறுத்த நிர்வாகத்திலிருந்து விலகி நிற்கிறது. இன்னொரு மாணவரைச் சேர்ப்பதால் பள்ளிக்கு நேரும் இடரை முதலில் கேட்டு, பிறகு அதை அக்குழந்தையின் தேவையோடு எடைபோட்டு, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தருகிறது.

இம்முறை இம்மண்ணுக்கு ஒவ்வாதது என்று கொள்ளவும் காரணம் இல்லை. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அது பாதிப்பைக் கணித்து, 2001இல் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீட்டை வரையறுத்தது. அந்த இழப்பீடு முழுமையாகச் சென்று சேர்வதற்கு நேர்ந்த தாமதம் வேறு கதை. நிலத்துக்கு நேர்ந்த கேட்டை அத்தனை பேருக்காகக் கணிக்க முடிந்த இதே வட்டாரத்தில், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பதினோராம் வகுப்புக்கான ஓரிரு இடங்களை ஒதுக்கிவைத்து, அவற்றுக்கு வரும் சில பத்துக் கோரிக்கைகளை மாவட்டக் கல்வி அலுவலகத்தில், பள்ளிக்குத் தொடர்பில்லாத மூவர், மேற்கூறிய இருவகைச் சான்றுகளைக் கொண்டு விசாரிப்பது நிர்வாகத்துக்கு எட்டாத காரியம் அன்று. சிறுபான்மைப் பள்ளிகளும் தாமே இசைந்து இதில் சேரலாம். அதற்குப் பிரமதி வழக்கின் மறுபரிசீலனை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.