சட்டசபை உண்டு, சேதி சொல்ல ஆளில்லை

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். கார்டிஃபில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் போன் செய்தாள்.

"மாமா, நேத்து ராத்திரி பிரதமர் டி.வி.யில பேசினாரு. இனிமே காரை எடுத்துக்கிட்டு எங்க வேணா போய் நடக்கலாம்னாரு. வார்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டோம். காலையிலதான் தெரிஞ்சுது, அது எங்களுக்கு இல்லையாம்."

"உங்களுக்கு இல்லைன்னா?"

"அது இங்கிலாந்துக்கு மட்டுமாம். வேல்ஸுக்கு வேற சர்க்கார், வேற சட்டம். வீட்டுப் பக்கத்துலயேதான் நடக்கணுமாம்."

அவள் அங்கே போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஆஸ்பத்திரியே வேல்ஸ் சர்க்காரின் கையில்தான் இருக்கிறது. அப்படி ஒரு சர்க்கார் இருப்பது அன்றுதான் அவள் மனத்தில் உறைத்தது. அவள் மட்டுமா? அந்த வாரங்களில் இங்கிலாந்திலிருந்து காரில் கிளம்பி வேல்ஸ் கடற்கரைக்கும் மலைக்கும் போனவர்களைப் போலீஸ் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

புதுச்சேரி சர்க்காரில் 34 வருஷம் கோப்பு தள்ளியவன் நான். 30 பேரை நாம் தேர்ந்தெடுக்கிறோம், 3 பேரை டில்லி நியமிக்கிறது. அதிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நம் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே அந்த போனுக்குப் பிறகு வேல்ஸைப் பற்றி ஒன்றொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பள்ளியில் எங்களுக்குப் பூகோளம் எடுத்த முசியே பிரெத்தாஞ் பிரதேசத்துக்காரர். லோரியான் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் நம் ஊருக்கு அங்கிருந்துதான் புறப்பட்டன. கீழை தேசம் என்ற பொருளிலேயே அந்த ஊருக்குப் பெயர் வந்தது. முசியேவுக்குத் தாய்மொழி பிரெஞ்சு அல்ல, பிரெத்தோன். கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸில் பேசுவது அதன் அக்கா மொழி என்பார். ரொட்டிக்கு இரண்டிலும் 'பாரா'தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காகக் கழுத்தில் மரச் செருப்பைத் தொங்கவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தமிழ் பேசியதற்காக மூலையில் நின்ற எங்களுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. வேல்ஸிலும் அதே கதைதான். 'டபிள்யூ.என்.' என்று செதுக்கிய மரத்துண்டு ஒரு பிள்ளையின் கழுத்திலிருந்து அடுத்த பிள்ளைக்கு மாறும். சாயங்காலம் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி.

1847இல் லண்டன் சர்க்கார் வேல்ஸ் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நீல அட்டை போட்ட மூன்று பாகம். விசாரித்தவர்கள் மூன்று இளம் வக்கீல்கள். மூவருக்கும் உள்ளூர் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஜனங்கள் முன்னேறாததற்கு அவர்கள் மொழியே தடை என்றும், பெண்களுக்கு ஒழுக்கம் போதாது என்றும் எழுதி வைத்தார்கள். ஊர் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் வேல்ஸ் மொழியின் அரசியல் எழுத்து வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. டென்பி என்ற சிற்றூரில் தாமஸ் ஜீ என்ற அச்சகக்காரர், பிரசங்கியும்கூட, 1857இல் 'பானெர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 'கொடி' என்று பொருள். லண்டனில் மளிகை வியாபாரம் பார்த்த ஜான் கிரிஃபித் என்பவர் 'நிருபர்' என்ற புனைபெயரில் அதற்குக் கடிதம் எழுதுவார். பார்லிமெண்டில் நடப்பது மலைக் குடியானவனின் வீட்டுக்கு அவன் மொழியில் வந்தது.

1868 தேர்தலில் அதன் பலன் தெரிந்தது. அன்று ஓட்டு பகிரங்கம். கைதூக்கி, பெயர் சொல்லிப் போட வேண்டும். மிராசுதார் சொன்ன ஆளுக்குப் போடாமல் லிபரல் கட்சிக்குப் போட்ட குத்தகைதாரர்கள் பலரை நிலத்தை விட்டு விரட்டினார்கள். பத்திரிகைகள் அதை ஊரறியச் செய்தன, நிவாரண நிதி திரண்டது, விஷயம் பார்லிமெண்ட் கமிட்டி வரை போனது. 1872இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மிராசுதார்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1869இல் ப்யூட் பிரபுவின் பணத்தில் கார்டிஃபில் 'வெஸ்டர்ன் மெயில்' என்ற ஆங்கிலத் தினசரி தொடங்கியது. இன்றும் அது வருகிறது. 'பானெர்' 1992இல் நின்றுவிட்டது.

நான் குமாஸ்தா என்பதால் அடுத்த கதையை விட முடியாது. லானெல்லி அருகே லாங்கெனெக் கிராமத்தில் டிரெவர் பீஸ்லி, ஐலீன் பீஸ்லி என்று ஒரு தம்பதி. அவர் சுரங்கத் தொழிலாளி, அந்த அம்மாள் டீச்சர். 1952இல் வீட்டு வரி நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தது. "எங்கள் மொழியில் அனுப்புங்கள், கட்டுகிறோம்" என்றார்கள். கவுன்சிலிலும், அந்த வட்டாரத்திலும் பெரும்பாலோர் பேசுவது அதே மொழிதான். ஆனாலும் கவுன்சில் அனுப்பவில்லை. வழக்கு, மறுபடி வழக்கு. பத்துத் தடவைக்கு மேல் கோர்ட் படி ஏறினார்கள். அமீனா வந்து மேஜை நாற்காலியை, பியானோவைக்கூட ஜப்தி செய்து கொண்டுபோனார். எட்டு வருஷம் கழித்து, 1960இல், இரு மொழியிலும் அச்சடித்த ஒரு நோட்டீஸ் வந்தது.

ஒரு படிவத்தை மாற்ற எட்டு வருஷம்! நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் அப்படிப்பட்ட படிவங்கள் இருந்தன. பிரெஞ்சில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. கையெழுத்து போட வந்த கிழவிக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் அச்சடிக்கலாமே என்று ஒரு முறை குறிப்பு எழுதினேன். "பழைய ஸ்டாக் தீரட்டும்" என்று கோப்பு திரும்பி வந்தது. நான் அதற்கு மேல் எழுதவில்லை. பீஸ்லி தம்பதியைப் பற்றிப் படித்த அன்று அந்தக் கோப்பு நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

1962 பிப்ரவரி 13 அன்று சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் பி.பி.சி. வானொலியில் 'மொழியின் தலைவிதி' என்று ஓர் உரை நிகழ்த்தினார். (பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தவர்.) அதில் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது இந்த வரி நோட்டீஸைத்தான். அந்த வருஷமே மொழிக்காகப் போராட ஒரு சங்கம் உருவானது. வானொலியில் ஒருவர் பேசி அப்படி ஒன்று நடந்தது.

சட்டசபைக் கதையும் லேசானதல்ல. 1979 மார்ச் 1 அன்று, சபை வேண்டுமா என்று கேட்டார்கள். ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டார்கள். பாதிப் பேர்தான் ஓட்டே போட்டார்கள். விடியும் நேரம் வரை 'வேண்டாம்' முன்னால் இருந்தது. கடைசியாகக் கார்மார்தன் மாவட்டத்தின் கணக்கு வந்தது. 'வேண்டும்' 6,721 ஓட்டில் ஜெயித்தது. நம் ஊரில் ஒரு தொகுதியில் இப்படி ஜெயித்தாலே மறு எண்ணிக்கை கேட்பார்கள். 1999இல் 60 பேர் கொண்ட சபை கூடியது. முழுச் சட்டம் இயற்றும் அதிகாரம் 2011இல் இன்னொரு வாக்கெடுப்புக்குப் பிறகே வந்தது. இப்போது அதன் பெயர் 'செனெத்'.

சபை வந்தது, ஆனால் சபையில் நடப்பதைச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போனார்கள். 30 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தும், அவர்களில் பெரும்பாலோர் காலையில் வாங்கியது லண்டன் பத்திரிகை. அதில் வேல்ஸ் சபை மருந்துக்கும் இராது. போர்ட் டால்பட் என்ற எஃகு ஆலை நகரத்தில் இருந்த வாராந்தரி 2009இல் மூடப்பட்டது. தாய்மொழியில் ஒரு தினசரி வேண்டும் என்று நெட் தாமஸ் முதலானோர் பல வருஷம் பாடுபட்டார்கள். 'உலகம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். வருஷத்துக்கு 6,00,000 பவுண்டு உதவி கேட்டார்கள். 2008இல் சர்க்கார் 2,00,000தான் என்றது. உலகம் பிறக்கவே இல்லை.

தாக்குப்பிடித்தவை சின்னப் பத்திரிகைகள்தான். 'வட்டாரப் பத்திரிகை' என்று அங்கே சொல்கிறார்கள். 1973இல் கார்டிஃபில் 'குடிமகன்' என்ற மாத இதழில் தொடங்கி, பிறகு ஐம்பதுக்கு மேல் பெருகின. சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பாதிரிமார், இல்லத்தரசிகள் கூடி எழுதி, அச்சிட்டு, மடித்து, வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். கல்யாணம், கருமாதி, பாட்டுப் போட்டி எல்லாம் வரும். அரசியல் கொஞ்சம்தான். லண்டன் ஆசிரியர்களுக்கு அது பத்திரிகையாகவே தோன்றாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வயதில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவன் வேறு எப்படிச் சொல்வேன்?

2023 செப்டம்பரில் தங்கை மகள் மறுபடி கூப்பிட்டாள். ஊர் முழுக்கத் தெருக்களில் 30 மைல் போர்டை எடுத்துவிட்டு 20 மைல் போர்டு வைத்துவிட்டார்கள், எல்லாரும் கோபமாக இருக்கிறார்கள் என்றாள். நாலரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் எதிர்த்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சபை அதுவரை காணாத எண்ணிக்கை.

"திடீர்னு இப்படிப் பண்ணிட்டாங்க மாமா."

"திடீர்னு இல்லம்மா. போன வருஷம் ஜூலையிலயே சபையில ஓட்டெடுத்து நிறைவேத்தினாங்க."

"யாரும் சொல்லலையே!"

நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பது வேறு பேச்சு. குழந்தைகள் நடக்கும் தெருவில் வண்டி மெதுவாகப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ஜூலையில் அவர்கள் காதில் விழுந்திருந்தால் அப்போதே சண்டை போட்டிருக்கலாம்.

நம் சர்க்கார் கெஜட்டின் தலைப்பு இன்றைக்கும் பிரெஞ்சில்தான் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். அதற்கு அறிவிப்புகளைச் சரிபார்த்து அனுப்புவது சில வருஷம் என் வேலை. வாரந்தோறும் கத்தையாக வரும். என் மேஜையைத் தாண்டி யாராவது படித்தார்களா என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

போன கிறிஸ்மஸுக்கு அவள் வந்தபோது 'குடிமகன்' இதழ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். புரட்டிப் பார்த்தேன். ஒரு ரொட்டிக் கடை விளம்பரத்தில் 'பாரா' என்று இருந்தது. அது ஒன்றுதான் புரிந்தது.