க்ளவுட் ஸ்கோர்: ஒரு மனிதனுக்கு நூற்றுக்கு எத்தனை?

போன வருட விடுமுறையில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போயிருந்தேன். மொத்தம் மூன்றே கேள்விகள். பெயர் என்ன, எந்த வருடம் படிக்கிறாய், இன்ஸ்டாகிராமில் எத்தனை ஃபாலோயர்ஸ்? "212" என்றேன். எதிரில் இருந்தவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "சொல்லி அனுப்புறோம்பா" என்றார். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை :-)

வீட்டுக்கு வந்த கடுப்பில் இதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு நடந்தது ஒன்றும் புதிதில்லை. 2011-இல் கனடாவின் டொராண்டோவில் ஒருவர் ஒரு மார்க்கெட்டிங் ஏஜென்சியின் துணைத் தலைவர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர். பெரிய பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னவர். அவரிடம் கேட்ட கேள்வி: "உங்கள் க்ளவுட் ஸ்கோர் எவ்வளவு?" அப்படி ஒன்று இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. கேள்வி கேட்டவர் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். 34. நேர்காணல் சீக்கிரமே முடிந்துவிட்டது. வேலை 67 ஸ்கோர் வைத்திருந்த இன்னொருவருக்குப் போனது. 2012-இல் வயர்ட் பத்திரிகை இந்தக் கதையை எழுதியபோது உலகமே படித்தது.

அந்த 34 எங்கிருந்து வந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

க்ளவுட் என்றவுடன் மேகம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்வாக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி வைத்த பெயர் இது. ஜோ ஃபெர்னாண்டஸ் என்ற அமெரிக்கருக்கு 2007-இல் தாடையில் அறுவை சிகிச்சை நடந்தது. தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். பேச முடியாது. வெளியுலகத்தோடு தொடர்பு என்றால் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும்தான். அப்போது அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் எழுதுவதை யார் படிக்கிறார்கள், யார் அதை வைத்து ஏதாவது செய்கிறார்கள் என்பதெல்லாம் இங்கே பதிவாகிறதே, அப்படியானால் அதை எண்ணலாமே? பின் டிரான் என்ற கூட்டாளியோடு சேர்ந்து 2008-இல் க்ளவுட்டைத் தொடங்கினார்.

ஒவ்வொருவருக்கும் 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். நீங்கள் எழுதுவது உண்மையில் எத்தனை பேரைச் சென்றடைகிறது, அதை எத்தனை பேர் மேலே பரப்புகிறார்கள், அப்படிப் பரப்புகிறவர்கள் எவ்வளவு செல்வாக்கு உள்ளவர்கள் என்று ஆரம்ப காலத்தில் மூன்று அளவுகளைக் கலந்து இதைப் போட்டார்கள். எந்த விகிதத்தில் கலந்தார்கள்? அது கம்பெனி ரகசியம். "செல்வாக்குக்கான தர அளவு" என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். மீட்டர், கிலோகிராம் மாதிரி!

மார்க்கெட்டிங்காரர்களுக்கு இது ஏன் இனித்தது என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஒரு பிராண்ட் மேனேஜர் தன் மேலதிகாரியிடம் போய் "இவருக்கு நல்ல பெயர் இருக்கிறது" என்று சொன்னால் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "இவருக்கு 71" என்றால் வாயை மூடிக்கொள்வார். எண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை. நம் வீடுகளில் பிளஸ் டூ மார்க்குக்கு இருக்கிற மாதிரி.

2010-இல் க்ளவுட் 'பெர்க்ஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஸ்கோர் அதிகம் உள்ளவர்களுக்கு நிறுவனங்கள் இலவசப் பொருள் கொடுக்கும், க்ளவுட்டுக்குக் கட்டணம் கட்டும். வர்ஜின் அமெரிக்கா விமான நிறுவனம் டொராண்டோ சேவையைத் தொடங்கியபோது இப்படி இலவசப் பயணம் கொடுத்தது. 2011-இல் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது அழைப்புகளை க்ளவுட் வழியாகவும் வழங்கியது. இதற்கெல்லாம் உச்சம் 2012 மே மாதம். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கேத்தே பசிஃபிக் தன் முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்புப் பயணிகளின் ஓய்வறைக்குள் க்ளவுட் ஸ்கோர் 40-க்கு மேல் உள்ளவர்களை அனுமதித்தது. அவர்கள் அந்த விமானத்தில் போகிறவர்களாகவே இருக்க வேண்டியதில்லை. போனில் ஸ்கோரைக் காட்டினால் போதும். அதே வருடம் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் ஒரு வேலை விளம்பரத்தில் "க்ளவுட் ஸ்கோர் 35-க்கு மேல்" என்று எதிர்பார்த்தது. மைக்ரோசாஃப்ட் க்ளவுட்டில் முதலீடு செய்ததும் அந்த 2012-இல்தான்.

ஆக, இந்த ஸ்கோர் முக்கியமா என்று 2012-இல் யாராவது கேட்டிருந்தால், வேலை போன மனிதரைக் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். முக்கியம்தான். ஆனால் அது எதையாவது உண்மையில் அளந்ததா என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் எல்லாச் சிக்கலும்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு இங்கே உடனே ஞாபகம் வருவது கடன் ஸ்கோர். இந்தியாவில் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. அமெரிக்காவில் ஃபைகோ, 1989-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கேயும் நம் வாழ்க்கையை ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள், அங்கேயும் சூத்திரம் ரகசியம். பிறகு என்ன வித்தியாசம்? கடன் ஸ்கோர் ஒரு தெளிவான கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்த ஆள் கடனைத் திருப்பிக் கட்டுவாரா? கொஞ்ச காலம் போனால் கட்டினாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஸ்கோர் குறைந்தவர்கள்தான் அதிகம் தவறினார்களா என்று வங்கி தன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஸ்கோர் பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

க்ளவுட் ஸ்கோர் 67 என்றால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்? அவர் சொன்னால் 67 பேர் சோப்பு வாங்குவார்களா? 34 உள்ளவர் சொன்னால் பாதிப் பேர் வாங்குவார்களா? சரிபார்க்க வெளியே ஒன்றும் இல்லை. ரீட்வீட்களை வைத்து ஸ்கோர் போட்டு, அந்த ஸ்கோர் சரி என்பதற்கு ரீட்வீட்களையே காட்டுவது, தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிற மாதிரி.

இது வெறும் தத்துவம் இல்லை. 2010-இல் ஒருவர் சில ட்விட்டர் பாட்களை, அதாவது தானே ட்வீட் போடும் நிரல்களை, ஓட விட்டுப் பார்த்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை எதையாவது உளறிக்கொண்டிருந்த பாட் 80 நாளில் 50-ஐத் தொட்டுவிட்டது. மேலே சொன்ன ஓய்வறைக் கணக்குப்படி பார்த்தால், பாட் உள்ளே போய் காபி குடிக்கலாம். பதினைந்து வருட அனுபவஸ்தர் வெளியே நிற்க வேண்டும்.

பிரபலங்கள் விஷயத்தில் இன்னும் தமாஷ். பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 100-க்கு 100. அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவருக்குக் கீழே. இதை எல்லோரும் கிண்டல் செய்தார்கள். 2012 ஆகஸ்டில் க்ளவுட் சூத்திரத்தை மாற்றியது. விக்கிபீடியாவில் ஒருவருக்கு இருக்கும் முக்கியத்துவம் போன்றவற்றையும் சேர்த்தது. ஒபாமா 99, பீபர் 92 என்று ஆனது. நியாயம் கிடைத்துவிட்டது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கென்னவோ இதுதான் பெரிய ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. ஒபாமா மேலே இருக்க வேண்டும் என்று முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த விடை வரும் வரை கணக்கை மாற்றினார்கள். விடை முன்பே தெரிந்தால் கணக்கு எதற்கு?

அதற்கு முன்பு, 2011 அக்டோபரிலும் ஒரு மாற்றம் வந்தது. ஒரே இரவில் பலருடைய ஸ்கோர் சரிந்தது. மனிதர்கள் மாறவில்லை, எழுதியதும் மாறவில்லை, சூத்திரம் மட்டும் மாறியது. வால் ஸ்ட்ரீட் போராட்டம் நடந்த சமயம் என்பதால் "க்ளவுட்டை ஆக்கிரமிப்போம்" என்று ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டுத் திட்டினார்கள். ஸ்கோரைக் காட்டித் தொழில் செய்தவர்களுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அதைவிட மோசமானது அடுத்த மாதம் வெளிவந்தது. ஒருவர் க்ளவுட்டில் சேர்ந்து தன் ஃபேஸ்புக் கணக்கை இணைத்தால், அவரோடு தொடர்பில் இருந்த மற்றவர்களுக்கும் அவர்களைக் கேட்காமலே பக்கம் உருவாகி ஸ்கோர் போடப்பட்டிருந்தது. அதில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாயின் பக்கத்தில் மகனுக்கும் மதிப்பெண்! நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விலகிக்கொள்ளும் வசதி வந்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்காதவனுக்கும் ரேங்க் கார்டு கொடுத்த கதை.

இத்தனைக்கும், செல்வாக்கு எப்படி வேலை செய்கிறது என்பது அறிஞர்கள் அறுபது எழுபது வருடத்துக்கு முன்பே தோண்டிப் பார்த்த விஷயம். 1945-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊரில் சுமார் 800 பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்ட் இருவரும் அதை 1955-இல் புத்தகமாக்கினார்கள். மளிகைச் சாமான் வாங்க யார் பேச்சைக் கேட்கிறீர்கள், எந்த சினிமாவுக்குப் போவது என்று யார் சொல்கிறார்கள், உடை விஷயத்தில் யார், பொது விவகாரத்தில் யார் என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் ஒரே ஆளிடம் போய் நிற்கவில்லை. மளிகைக்குப் பெரிய குடும்பம் நடத்துகிற பெண்மணி. சினிமாவுக்குக் கல்யாணமாகாத இளம்பெண். பணக்காரர்தான் வழிகாட்டுவார் என்றும் இல்லை, எல்லாத் தட்டிலும் அந்தந்தத் தட்டுக்காரரே இருந்தார்.

நம் தெருவை யோசித்துப் பாருங்கள். செல்போன் வாங்க ஒரு அண்ணனைக் கேட்போம், அதே அண்ணனிடம் பல் டாக்டரைப் பற்றிக் கேட்க மாட்டோம். இதை ஒரே எண்ணில் எப்படிச் சொல்வது? க்ளவுட்டும் பின்னாளில் "இன்ன தலைப்பில் செல்வாக்கு" என்று பட்டியல் போட்டது. ஆனால் மார்க்கெட்டிங்காரர்கள் பார்த்தது முகப்பில் இருந்த அந்த ஒற்றை எண்ணைத்தான்.

க்ளவுட் வளர்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில் இரண்டு ஆய்வுகள் வந்தன. 2010-இல் மீயங் சா குழுவினர் 5 கோடியே 40 லட்சம் ட்விட்டர் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே ரீட்வீட்டும் பேச்சும் அதிகம் கிடைத்துவிடுவதில்லை என்று தெரிந்தது. 2011-இல் டங்கன் வாட்ஸ் உள்ளிட்ட நால்வர், 16 லட்சம் பேர் பகிர்ந்த இணைப்புகள் எப்படிப் பரவின என்று 7 கோடிக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை பரவவே இல்லை. பெரிதாகப் பரவியவை, சராசரியாகப் பார்த்தால், ஏற்கெனவே பிரபலமானவர்களிடமிருந்து வந்தன என்பது உண்மைதான். ஆனால் அடுத்து எந்த ஆள் போடுவது பரவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஒரு பிரபலத்துக்கு மொத்தப் பணத்தையும் கொட்டுவதைவிட, சாதாரணமான பலருக்குப் பிரித்துக் கொடுப்பது பல சூழ்நிலைகளில் லாபமாக இருக்கும் என்றும் எழுதினார்கள். பாருங்கள், ஸ்கோர் எதை வைத்து வியாபாரம் செய்ததோ அதற்கு நேர் எதிர்.

ஸ்கோரால் பிரயோஜனமே இல்லையா என்றால், கொஞ்சம் இருந்தது. தெரியாத நூறு கணக்குகளில் எது சும்மா கிடக்கிறது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க உதவும். லண்டனில் பியர்இண்டெக்ஸ், அமெரிக்காவில் க்ரெட் என்று போட்டியாளர்களும் இருந்ததால் தேவை இருந்திருக்கிறது என்றே தெரிகிறது. வடிகட்ட வேண்டிய இடத்தில் வடிகட்டியைப் பயன்படுத்தினால் தப்பில்லை. அதைத் தராசாக்கினால்தான் தப்பு.

2014 மார்ச்சில் லித்தியம் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் க்ளவுட்டை வாங்கியது. விலை 20 கோடி டாலர் வரை என்று செய்திகள் வந்தன. அதன் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2018 மே 25 அன்று மூடினார்கள். எங்கள் நீண்ட காலத் திட்டத்துக்கு இது பொருந்தவில்லை என்றது நிறுவனம். ஐரோப்பாவின் புதிய தனிநபர் தரவுச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே நாள் என்பதைப் பலர் கவனித்தார்கள்.

க்ளவுட் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எண்தான் மாறியது, ஸ்கோர் இருந்த இடத்தில் இப்போது ஃபாலோயர். எண்ணுக்கு விலை இருந்தால் எண்ணை விற்கவும் ஆள் வருவான் அல்லவா? டெவுமி என்ற அமெரிக்க நிறுவனம் போலி ஃபாலோயர்களை விற்றதை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்த ஜூனில் யூனிலீவர், ஃபாலோயர் வாங்குகிற ஆட்களோடு இனி வேலை செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. 2024-இல் அமெரிக்காவின் எஃப்டிசி, போலிச் செல்வாக்கு எண்களை வியாபாரத்துக்காகத் தெரிந்தே விற்பதையும் வாங்குவதையும் விதி போட்டே தடை செய்தது.

டொராண்டோக்காரர் கதையின் மீதியைச் சொல்ல மறந்துவிட்டேன். வேலை கிடைக்காத பிறகு அவர் மாதக்கணக்கில் மெனக்கெட்டு ஸ்கோரை 72-க்கு ஏற்றினார். அதற்குப் பிறகு கருத்தரங்குகளில் பேச அவருக்கு அழைப்புகள் அதிகம் வந்தனவாம். 34-இல் இருந்தபோதும் பதினைந்து வருட அனுபவம் அவரிடம் இருந்தது, 72-இலும் அதே அனுபவம்தான்.

என் கணக்கில் இப்போது 219. அந்த ஏழு பேரில் மூன்று பேர் எங்கள் வகுப்பு.