டிவி பூஸ்டரும் செல்போன் பூஸ்டரும்: ஒரு சின்ன வரலாறு

"உள்ள டவரே கிடைக்க மாட்டேங்குதுங்க, ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டிரலாமா?" நம்ம பக்கம் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. முதலிபாளையம் சிட்கோ மாதிரி தகர ஷீட் கூரை போட்ட பனியன் கம்பெனிகள் இருக்கிற இடத்தில் நியாயமான கேள்வியும்கூட. தகரம் ரேடியோ அலையை உள்ளே விடாமல் திருப்பி அடித்துவிடும். வாசலில் ஃபுல் டவர் காட்டுகிற போன், பவர் டேபிள் வரிசைக்குப் போனதும் செத்துப்போகும்.

சரி, பூஸ்டர் என்கிற வார்த்தை நமக்கு எங்கிருந்து வந்தது? டிவியில் இருந்துதாங்க. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நம்ம மாவட்டங்களுக்கெல்லாம் படம் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது. 1982ல் இலங்கை ரூபவாஹினி தொடங்கியதும் தென்மாவட்டக்காரர்கள் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். அப்புறம் கொடைக்கானல் ஒளிபரப்பு. மொட்டை மாடியில் உயரமாக இரும்புக் குழாய், உச்சியில் ஆன்டெனா, கூடவே ஒரு குட்டி டப்பா. அதுதான் பூஸ்டர். புள்ளி புள்ளியாகத் தெரிந்த படம் கொஞ்சம் தெளியும். தப்பாக மாட்டினால் நம்ம வீட்டுப் படம்தான் கெடும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிசாக ஒன்றும் ஆகாது.

1995 ஜூலை 31ல் கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமோடு பேசியது நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. நம்ம பக்கம் பிபிஎல், ஏர்செல் என்று வந்தது. 2003ல் இன்கமிங் இலவசம் ஆனதும் போன் முதலாளி பையில் இருந்து டெய்லர் பைக்கு இறங்கியது. கூடவே பழைய டிவி பழக்கமும் வந்தது: சிக்னல் இல்லையா, பூஸ்டர் மாட்டு!

இங்கேதான் சிக்கல். டிவி பூஸ்டர் வாங்கிக்கொள்வதோடு சரி. செல்போன் பூஸ்டர் பதிலும் பேசும். 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம்மை எடுத்துக்கொண்டால், டவரில் இருந்து போனுக்கு 935 முதல் 960 வரை, போனில் இருந்து டவருக்கு 890 முதல் 915 வரை. இரண்டு பக்கத்தையும் பூஸ்டர் பெருக்க வேண்டும். 60 டெசிபல் பூஸ்டர் என்றால் பத்து லட்சம் மடங்கு!

மாட்டிய பூஸ்டர் ஏன் சரியாக வேலை செய்வதில்லை? நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

1. வெளி ஆன்டெனா இருக்கும் இடத்திலேயே சிக்னல் இருக்காது. பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

2. அலைவரிசை வேறாக இருக்கும். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அதற்கு 900 பூஸ்டர் வெறும் டப்பா. 2300ல் வரும் 4ஜியில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும், சாதா பூஸ்டருக்கு அது புரியாது.

3. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ரொம்பக் கிட்ட இருக்கும். திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் "கூ..."ன்னு கத்துமே, அதேதான். இந்தக் கூவல் நம்ம காதுக்குக் கேட்காது. டவருக்குக் கேட்கும். அந்த இரைச்சலில் சுற்றுவட்டாரப் போன்களின் குரல் டவருக்குப் போய்ச் சேராது.

மூன்றாவதுதான் ஆபத்து. நம்ம கம்பெனியில் ஃபுல் டவர் காட்டும். பக்கத்து லைன் வீட்டில் ஒருத்தர் 108க்குப் போட்டால் லைன் போகாது. ஊருக்குப் பணம் அனுப்புகிற பீகார் பையனுக்கு ஓடிபி வராது. யாரால் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

சட்டம் இதில் பழசு. வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும் என்றது 1933ம் வருஷச் சட்டம். ரேடியோ பெட்டிக்குத் தபால் ஆபீசில் பணம் கட்டினார்களே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டணம் 80களின் நடுவில் போய்விட்டது, சட்டம் போகவில்லை. செல்போன் பூஸ்டரை உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் தவிர வேறு யாரும் வைத்திருப்பதோ, விற்பதோ, பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022ல் மறுபடி அறிவித்தது. 2023ம் வருஷத்துப் புதுச் சட்டமும் இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. அமெரிக்கா வேறு வழியில் போனது. கூவ ஆரம்பித்தால் தானே அடங்கும் பூஸ்டராக இருந்தால் வீட்டில் வைக்கலாம் என்று 2013ல் விதி போட்டது. நம்ம ஊரிலும் அப்படி ஒரு வழி வந்தால் நல்லதுதான். தடை போட்டதால் தகரக் கூரைக்குள் டவர் வந்துவிடாது இல்லையா?

அதுவரைக்கும்? 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை வழியாகப் பேசும் வசதியைக் கொண்டுவந்தன. கம்பெனியில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்க. தனிக் காசு இல்லை, யார் லைனும் கெடாது. பெரிய கட்டடம் என்றால் போன் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்க, உள்ளே கருவி வைக்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

ஏற்கெனவே மாட்டிவிட்டீங்களா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்க, "இப்ப டவர் எப்படி இருக்குதுங்க?"ன்னு.