பிறப்பைத் தேடாதீங்க, இறப்பைத் தேடுங்க

ஸ்காட்லாந்து கிராமம் ஒன்றில் 1780 வாக்கில் பிறந்த ஒரு கூலிக்காரப் பெண்ணை நினைச்சுக்கோங்க. நிலம் இல்ல, எழுதப் படிக்கத் தெரியாது. இவங்க அம்மா பேரை இன்னைக்கு நம்மால கண்டுபிடிக்க முடியுமா? அது பெரும்பாலும் இவங்க எந்த வருஷம் இறந்தாங்கங்கறதைப் பொறுத்தது.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதிய ஆரம்பிச்சது 1855 ஜனவரி 1-ல. அதுக்கு முன்னாடி சர்ச் பதிவேடுகள்தான். பெர்த்ஷயர்ல எரல் என்ற ஊரோட ஏடு 1553-லேயே தொடங்குது. ஆனா பல ஊர்களில் யாரை எங்கே அடக்கம் செஞ்சாங்கன்னு எழுதி வைக்கவே இல்ல. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி வேற. ஏழைகள் பலர் பதியாமலே விட்டாங்க. 1843-ல சர்ச் உடைஞ்சு ஃப்ரீ சர்ச் பிரிஞ்சதும், அந்தப் பக்கம் போன குடும்பங்களோட குழந்தைகள் பழைய ஏட்டில் வராம போனாங்க.

1855-க்கு அப்புறம் கதை மாறுது. இறப்புப் பதிவிலேயே இறந்தவரோட அப்பா பேர், அம்மா பேர், அம்மாவோட பிறந்த வீட்டுக் குடும்பப் பேர் எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. அந்தக் கால இங்கிலாந்துப் பதிவில் பெற்றோருக்குக் கட்டமே கிடையாது. நான் தினமும் டேட்டாபேஸோட மல்லுக்கட்டுறவன். ரெண்டு காலம் கூடுதலா வச்சதுல இவ்வளவு லாபம் கிடைச்சு நான் பார்த்ததில்ல. 75 வயசுப் பாட்டி ஒருத்தர் 1855-ல இறந்தா, 18-ம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ரெண்டு பேர் வெளிச்சத்துக்கு வர்றாங்க.

அந்தப் பிறந்த வீட்டுப் பேர் ரொம்ப முக்கியம். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பேர் வைக்கறது அங்கே வழக்கம். நம்ம 'பேரன்' மாதிரிதான். அதனால ஒரே ஊரில் ஒரே பேரில் நாலஞ்சு பேர் இருப்பாங்க. யார் யாருன்னு பிரிச்சுக் காட்டறது அம்மாவோட குடும்பப் பேர்தான்.

ஒரு எச்சரிக்கை: தகவல் சொன்னது மகனா, பக்கத்து வீட்டுக்காரரான்னு பாருங்க. அவருக்கு ஞாபகம் இருந்ததுதான் பதிவாகியிருக்கும்.

சரி, நம்ம கூலிக்காரப் பெண் 1854-லேயே இறந்திருந்தா? அவங்க தம்பி தங்கச்சியில் யாராவது 1855-ஐத் தாண்டி வாழ்ந்தாங்களான்னு தேடுங்க. பெற்றோர் ஒண்ணுதானே. அக்காவுக்குக் கிடைக்காத அம்மா பேர், தம்பியோட இறப்புப் பதிவில் காத்துக்கிட்டு இருக்கலாம்.