துளைக்குள் இறுகிய ஈயம்

ஆம்பிளிஃபயர் ரிப்பேரில் என் கை அதிகம் போராடுவது கெட்டுப்போன பாகத்தோடு அல்ல, போர்டில் அது நின்ற துளைக்குள் இறுகிக் கிடக்கும் பற்றவைப்பு ஈயத்தோடு. 1947இல் டி. டி. என். வில்லியம்சன் தன் ஆம்பிளிஃபயர் வரைபடத்தை ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்டபோது, பிரிட்டனில் அதை வீட்டிலேயே கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வால்வு சாக்கெட்டிலும் டேக் ஸ்ட்ரிப்பிலும் கம்பியைச் சுற்றி ஈயம் வைத்தார்கள். சூடு காட்டினால் கழன்றுவிடும். பால் ஐஸ்லர் லண்டனில் 1936இலேயே அச்சிட்ட சுற்றில் ஒரு ரேடியோ செய்திருந்தார். ஆனாலும் அச்சிட்ட சுற்று போர்டு பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

பின்னர் போர்டின் இருபுறமும் செம்பு வந்தது, துளையின் உட்சுவரிலும் பூசினார்கள். பவர் ஆம்பிளிஃபயருக்கு வழக்கமான 35 மைக்ரான் போதாமல் 70 மைக்ரான் செம்பு. பெரிய கெபாசிட்டரின் கிரவுண்டு காலில் அயர்னை வைத்துப் பாருங்கள்: சூட்டை அந்தச் செம்புப் பரப்பே இழுத்துக்கொள்ளும். மேலே உருகும், அடியில் அசையாது.

2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காரீயக் கட்டுப்பாடு வந்தது. 183 டிகிரியில் உருகிய 63/37 வெள்ளீயம், காரீயக் கலவை போய், 217 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை வந்தது. கட்டுப்பாடு சரியானதே, காரீயம் நஞ்சு. ஆனால் அந்தப் புது ஈயத்தை இளக்க நான் நம்புவது பழைய 63/37ஐத்தான். அதை மேலே சேர்த்து உருக்கினால் கலவையின் உருகுநிலை இறங்கும். அகன்ற நுனி, அடியிலிருந்து சூடான காற்று, கடைசியில் ஈயம் உறிஞ்சும் பம்ப். காலைப் பிடித்து மட்டும் இழுக்கக்கூடாது. உட்சுவர்ச் செம்பும் கூடவே வந்துவிடும்.