உதவி கேட்கும் ஒளி: 'மான்ஸ்டர் ஹன்ட்டர்' விளையாட்டில் எஸ்ஓஎஸ் ஃப்ளேர்

இணையம்வழி சேர்ந்து விளையாடும்போது மொழி பெரிய தடை. ஒருவர் ஜப்பானில் இருப்பார், இன்னொருவர் ஜகார்த்தாவில், மூன்றாமவர் கிள்ளானில். இவர்களைப் பேச்சில்லாமல் ஒன்றுசேர்க்க, கேப்காம் நிறுவனம் 2018 ஜனவரியில் வெளியிட்ட 'மான்ஸ்டர் ஹன்ட்டர்: வேர்ல்ட்' கண்ட வழிதான் எஸ்ஓஎஸ் ஃப்ளேர்.

எப்படி இயங்குகிறது?

ராட்சத மிருகத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாதபோது, ஆட்டக்காரர் வானத்தை நோக்கி ஃப்ளேரைச் சுடுவார். உடனே அவருடைய வேட்டை, உதவி தேவைப்படும் பணிகளின் பட்டியலில் மற்றவர்களுக்குத் தெரியும். விரும்பியவர் வந்து சேரலாம். மொத்தம் நால்வருக்கு மட்டுமே இடம். கதைப் பணியை முதன்முறை ஆடுபவர், அதற்குரிய காட்சியைப் பார்த்து முடித்த பிறகே பிறர் உள்ளே வர முடியும்.

உதவிக்கும் விலை உண்டு

ஆள் சேர்ந்தால் மிருகத்தின் பலமும் கூடும். தொடக்கத்தில் ஒருவர் வந்தாலும் மூவர் வந்தாலும் ஒரே அளவுதான் கூடியது. 2019இல் வந்த 'ஐஸ்போர்ன்' விரிவாக்கம் இதைச் சரிசெய்து, இருவருக்கெனத் தனி அளவு வைத்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பணிகளில், குழுவில் யார் விழுந்தாலும் சேர்த்து எண்ணப்படும். மூன்று முறையானால் எல்லாருக்கும் தோல்வி. ஒவ்வொரு முறை விழும்போதும் பரிசுப் பணம் குறையும். ஆகவே, உதவிக்குப் போகிறவர் அடுத்தவரின் உழைப்பையும் கையில் வாங்கிக்கொண்டுதான் போகிறார்.

இரு தரப்புக்கும் சில குறிப்புகள்

சுடுபவர்: இரண்டு முறை விழுந்தபின் கடைசி நேரத்தில் சுடாதீர்கள். வருபவருக்குப் பிழை செய்ய இடமே இராது.

வருபவர்: முகாமிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், உயிர்ப்பலம் கூடும். அருகில் உள்ள தோழர்களையும் சேர்த்துக் குணப்படுத்தும் 'லைஃப்பவுடர்' கையில் இருக்கட்டும்.

கடலில் சிவப்பு ஃப்ளேர் ஆபத்துக்கு மட்டுமே உரியது. 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் விதிகள் வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தத் தடை விதிக்கின்றன. விளையாட்டில் அந்தத் தடை இல்லை. துணைக்கு ஆள் வேண்டும் என்றாலே சுடலாம். 2025 பிப்ரவரியில் வந்த 'மான்ஸ்டர் ஹன்ட்டர் வைல்ட்ஸ்' ஆட்டத்தில் மனிதர் யாரும் வராவிட்டால், கணினி இயக்கும் வேட்டைக்காரர்கள் துணைக்கு வருவார்கள். அதனால் புதியவர்கள் உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.